வானம் தோண்டாத மேடைகள்

சங்கரன்கோவிலில் இன்று ஒருவர் தம் வீட்டுப் புறவாசலில், சாயங்காலம் நாலு பேர் உட்கார்ந்து பேச ஒரு மேடை போட நினைத்தால், முதலில் வந்து இறங்குவது கடப்பாரையும் மண்வெட்டியும்தான். கொத்தனார் கயிறு பிடித்து மூலைமட்டம் பார்ப்பார். இரண்டடிக்கு வானம் தோண்டச் சொல்வார். சல்லியும் சிமெண்டும் வண்டியில் வரும். ஓரடி உயர மேடைக்கு இரண்டடி ஆழம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. தோண்டிக் கட்டினால்தான் கட்டடம், தோண்டாமல் வைத்ததெல்லாம் தற்காலிகம் என்ற எண்ணம் அந்த அளவுக்கு ஊறிவிட்டது. ஆனால் இந்த வட்டாரத்தின் கட்டுமான வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இங்கே எவ்வளவு ஆழம் தோண்டுவது என்பதைப் பாரம், காற்று, மண்ணின் அசைவு ஆகிய மூன்றும் சேர்ந்துதான் தீர்மானித்திருக்கின்றன. தாழ்வாக, இலேசாக, கூரையில்லாமல், வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் நிற்கும் ஒரு மேடைக்கு இந்த மூன்றில் எதுவும் தோண்டச் சொல்லவில்லை. கரிசல் மண்ணிலோ, அரைகுறையாகத் தோண்டுவதுதான் மேடைக்குக் கேடு.

மண்ணிலிருந்தே தொடங்கவேண்டும். இந்தப் பக்கத்து மக்கள் நிலத்தைக் கரிசல் என்றும் செவல் என்றும்தான் பிரித்தார்கள். பூலித்தேவரின் நெற்கட்டான்செவல் தொடங்கிக் கரிசல்குளங்கள் வரை ஊர்ப்பெயர்களிலேயே அந்தப் பிரிவு நிலைத்திருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியின் நிலவரித் திட்டமும் அதே பிரிவைத்தான் கையாண்டது. கறுப்பு மண்ணுக்கு ஒரு தரம், செம்மண்ணுக்கு ஒரு தரம். மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என மலையடிவாரம் நோக்கிப் போகப் போகச் செம்மண்ணும் பாறையும் கூடும். கிழக்கே குருவிகுளம் பக்கம் போனால் கரிசல். வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த கரிசல் களிமண் தண்ணீரைத் தன்னுள் இழுத்து உப்பும். பங்குனி, சித்திரையில் காய்ந்தால் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இதற்குக் காரணமான களிமண் கனிமத்துக்கு மான்ட்மோரில்லோனைட் என்று பெயர். இந்த உப்பலும் சுருக்கமும் மேல்மண்ணில் மட்டும் நடப்பதில்லை. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்றே அடி விரிந்த துளைத்தூண்களை உருவாக்கியது. அந்தத் தூண்கள் குறைந்தது 3.5 மீட்டர் ஆழம் இறங்கவேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. அந்த ஆழத்துக்குப் போனால்தான் மண் அசையாமல் இருக்கும். 3.5 மீட்டர் என்றால் ஏறத்தாழ பதினொன்றரை அடி.

இந்தக் கணக்கை வைத்து இரண்டடி வானத்தைப் பார்த்தால் நிலைமை விளங்கும். இரண்டடியில் போட்ட கான்கிரீட், அசையும் அடுக்கின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. அடியிலிருந்து மண் தள்ளும். பக்கவாட்டில் பிடித்துத் தூக்கும். பெரிய வீட்டின் பாரம் இந்தத் தள்ளலை ஓரளவு அமுக்கும். இலேசான மேடைக்கு அந்தப் பாரம் கிடையாது. மேலே போடும் சிமெண்டுத் தளம் இன்னொரு தொல்லையையும் கூட்டுகிறது. தளம் மூடிய இடத்தில் மண்ணின் ஈரம் ஆவியாக வழியில்லை. நடுப்பகுதி ஈரமாகவே இருக்க, விளிம்பு மட்டும் வெயிலில் காய்ந்து இறங்குகிறது. நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்து தளம் குறுக்கே விரிசல் விடுவது இதனால்தான். கொத்தனாரின் வேலையைக் குறை சொல்லிப் பயனில்லை. கலவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த மண்ணில் அந்த ஆழத்தில் அது அப்படித்தான் நடந்துகொள்ளும்.

இதற்கு முதலில் எழும் மறுப்பு கோயிலிலிருந்து வரும். சங்கரநாராயண சுவாமி கோயிலின் ராஜகோபுரம் 9 நிலை, 125 அடி உயரம். அதைத் தரைமேல் கல்லை வைத்தா எழுப்பினார்கள் என்று கேட்கலாம். எழுப்பவில்லை, எழுப்பவும் முடியாது. மயமதம் போன்ற சிற்ப நூல்கள், பாறையோ தண்ணீரோ தட்டும் வரை தோண்டி, மணலும் கல்லும் இட்டு நிரப்பி இடிக்கச் சொல்கின்றன. இதில் என் கவனத்துக்கு வருவது அளவு குறிக்கும் முறை. இத்தனை முழம் என்று அவர்கள் விதிக்கவில்லை. அசையாத ஒன்றை எட்டும் வரை என்றார்கள். ஆகவே பாறை தரையிலேயே இருந்தால் தோண்டுவதற்கே இடமில்லை. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை வெட்டுவான் கோயில் இதன் உச்சம். எட்டாம் நூற்றாண்டின் பாண்டியச் சிற்பிகள் ஒரே பாறையைச் சுற்றிலும் வெட்டி இறக்கி, சிகரத்தை முதலில் செதுக்கிக் கீழ்நோக்கி வந்தார்கள். கீழ்ப்பகுதி முடியவே இல்லை. ஆனாலும் முடிக்காத அந்தக் கோயில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. கோபுரமும் வெட்டுவான் கோயிலும் சொல்வது ஒரே செய்தி: முழுதாக அசையாத இடம் வரை போகவேண்டும், அல்லது போகவே வேண்டாம். நடுவில் நின்றுவிடும் இரண்டடிக்கு அந்த நூல்களில் ஆதாரம் தேட முடியாது.

பாரத்துக்கு அடுத்தது காற்று. ஆடித் தபசுக்கு ஊர் திரளும் மாதமே ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று அடித்து வரும் மாதம். கோமதி அம்மன் ஒற்றைக் காலில் தவமிருந்து, அரியும் அரனும் ஒன்றாகிய கோலத்தைக் காணும் அந்த விழாவில், உழவர்கள் தம் விளைச்சலான பருத்தியையும் வத்தலையும் காணிக்கையாகச் சூறை விடுவார்கள். அத்தனை கூட்டத்துக்கும் தெருவில் நிழல் வேண்டும். நிழலுக்குப் பந்தல் வேண்டும். பந்தல்காரர்கள் குழி தோண்டித்தான் கால் நடுவார்கள். தோண்டாமலும் கட்டலாம் என்ற என் பேச்சுக்கு இது எதிர்ச்சாட்சி போலத் தோன்றும். குழி எதற்கு என்று கேட்டால் அது என் பக்கத்துச் சாட்சியாக மாறும். நாலு கழியும் கீற்றும் சேர்ந்த பந்தலின் பாரத்தை வெறுந்தரையே தாங்கிவிடும். கீற்றுக் கூரை பாய் மாதிரி காற்றை வாங்கி மேலே இழுப்பதைத் தடுக்கத்தான் கால் மண்ணுக்குள் போகிறது. குழியின் வேலை அங்கே தாங்குவதைவிடப் பிடித்து வைப்பது. கூரையை எடுத்துவிட்டால் அந்தக் குழிக்கு வேலை போய்விடுகிறது. பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் படுத்துக் கிடக்கும் மேடையில் காற்றுக்குப் பிடிமானம் மிகக் குறைவு. இதே தென்காசி மாவட்டக் காடுகளில் நிற்கும் காற்றாலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றின் காலடியிலும் நூற்றுக்கணக்கான கன மீட்டர் கான்கிரீட் புதைந்திருக்கிறது. கோபுரத்தின் எடையை மட்டும் தாங்க அவ்வளவு தேவையில்லை; உச்சியில் காற்று தள்ளும்போது அடி பெயராமலிருக்க அவ்வளவு தேவை.

குழி தோண்டி நட்ட கால்களில் நிற்கும் மேடையும் நம்மிடம் மிகப் பழையது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவி தினைப்புனத்தில் இதணம் ஏறி, தழல், தட்டை, குளிர் என்ற கருவிகளை ஒலித்துக் கிளி ஓட்டுகிறாள். இதணம்தான் இன்றைய பரண். சங்கரன்கோவில் பக்கத்து மாங்குடி, மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனாரின் ஊராகக் கருதப்படுவது; தமிழ்நாடு தொல்லியல் துறை 2001-02இல் அங்கே அகழ்ந்தபோது நுண்கற்கருவிகளும் கறுப்பு-சிவப்புப் பானையோடுகளும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடும் கிடைத்தன. அவ்வளவு காலமாக மனிதர் வாழ்ந்து பயிர் செய்த நிலம் இது. மலையடிவாரத்தில் இன்றும் பன்றிக்கும் யானைக்கும் பயந்து பரண் போடுகிறார்கள். நாலு கவட்டைக் கம்பு, குறுக்கே கழி, பனை நாரில் கட்டு, மேலே ஓலை. ஆள் உயரத்துக்கு மேல் இருப்பதால் சாயாமலிருக்க அதற்குக் கால் ஊன்றவேண்டும். ஆனால் அதன் ஆயுள் ஒரு பயிர்க்காலம். அறுவடை முடிந்தால் பிரித்துவிடுவார்கள். மரத்தை மண்ணில் ஊன்றுகிறவர் அது சீக்கிரம் போய்விடும் என்று தெரிந்தே ஊன்றுகிறார்.

நிலைத்து நிற்கவேண்டிய மரத்தை இந்த ஊர்க்காரர்கள் மண்ணில் விடவில்லை. கல்மேல் வைத்தார்கள். பழைய திண்ணை வீடுகளின் மரத்தூண்கள் எல்லாம் அடிக்கல் மேல் நிற்கின்றன. பத்மநாபபுரம் அரண்மனை வரை இதுதான் வழக்கம். வீட்டுக்குள் குலுக்கையைப் பாருங்கள். மண்ணால் வனைந்து வரகும் கம்பும் கொட்டி வைக்கும் அந்த ஆளுயரக் குதிர், மூட்டை மூட்டையாகத் தானியத்தைச் சுமந்துகொண்டு சில கற்களின் மேல் நிற்கும். அடியில் காற்று ஓடும், எலி வளை போட்டால் கண்ணுக்குத் தெரியும், ஈரம் ஏறாது. வெளியே வைக்கோல் படப்புக்கும் இதே யோசனைதான்: அடியில் கல்லும் கட்டையும் பரப்பி அதன் மேல் அடுக்குவார்கள். இப்படித் தூக்கி வைத்ததற்கு முதல் காரணம் கறையான். புற்றில் வெளிப்பட்டதாகச் சொல்லப்படும் இறைவனின் ஊர் இது. புற்றுமண்தான் இங்கே பிரசாதம். அதே புற்றைக் கட்டும் கறையான், மண்ணில் ஊன்றிய கம்பை அடியிலிருந்து உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். மேலே பார்த்தால் கம்பு முழுசாக இருக்கும், கை வைத்தால் பொடியாகும். கல் அதை முழுக்கத் தடுத்துவிடாது. ஆனால் கல்லைத் தாண்டி மரத்துக்கு ஏறவேண்டுமானால் கறையான் விரல் அகலத்துக்கு ஒரு மண்குழாய் கட்டியாகவேண்டும். கருங்கல்லின் மேல் அந்தச் செம்மண் கோடு பளிச்சென்று தெரியும். விளக்குமாற்றால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். ஓர் அடிக்கல் செய்யும் வேலையில் பாதி, இப்படிக் கண்ணுக்குக் காட்டிக்கொடுப்பது.

ஜப்பானில் இந்த இரண்டு முறையும் அக்கம்பக்கமாக இன்றும் உயிரோடிருக்கின்றன. இசே திருக்கோயிலின் தூண்கள் பண்டை முறைப்படி நேரே மண்ணில் ஊன்றப்பட்டவை. அதனால் 20 ஆண்டுக்கு ஒருமுறை கோயில் முழுவதையும் பக்கத்து மனையில் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013இல் கட்டினார்கள். நாரா அருகே ஹோர்யூஜி மடத்தின் மரக் கட்டடங்களோ கற்களின் மேல் தூண் நிறுத்தியவை. உலகின் மிகப் பழைய மரக் கட்டடங்கள் என்று அறியப்படும் அவை ஏறத்தாழ 1,300 ஆண்டுகளாக நிற்கின்றன. இசேயின் புதுப்பிப்புக்குச் சமயக் காரணம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஊன்றிய மரம் ஒரு தலைமுறையும் வைத்த மரம் பல நூற்றாண்டும் வரும் என்பது அங்கே கண்கூடு. அமெரிக்காவில் வீட்டுக்குப் பின்னால் மரமேடை போடுகிறவர்களுக்கு இன்னொரு பகை உண்டு: பனிக்காலத்தில் நிலத்தடி ஈரம் உறைந்து உப்பி அடித்தளத்தைத் தூக்கிவிடும். நம் கரிசலுக்கு மழை செய்வதை அங்கே உறைபனி செய்கிறது. அதனால் உறைமட்டத்துக்குக் கீழே தோண்ட விதி போட்டார்கள். அந்த விதியைச் சொல்லும் மாதிரிக் கட்டட விதிநூலே, வீட்டோடு இணையாமல் தனித்து நிற்கும் மேடைக்கு அந்த ஆழத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. பரப்பு 200 சதுர அடிக்கு மேற்படாமல், உயரம் 30 அங்குலத்துக்கு மேற்படாமல், வீட்டோடு சேராமல், வீட்டின் முக்கிய வாசலுக்கு வழியாகாமல் இருந்தால் அனுமதியே தேவையில்லை என்கிறது. வீடு ஒரு விதமாகவும் மேடை ஒரு விதமாகவும் அசையும். இரண்டையும் பிணைத்தால்தான் விரிசல் என்பதை அந்த விதி ஏற்றுக்கொள்கிறது.

வேகமும் ஒரு சாட்சி. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டபின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய சில நாட்களுக்குள் அதே இடத்தில் மண்கோட்டை மறுபடி எழுந்து நின்றது. அங்கே போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவுக் குறிப்புகளில் அந்த வியப்பைப் பதிந்திருக்கிறார். மார்ச் 31ஆம் தேதி நடந்த தாக்குதலை அந்த மதில் முறியடித்தது; மே 24ஆம் தேதிதான் விழுந்தது. சில நாளில் எழுந்த மதிலுக்கு ஆழமாக வானம் தோண்டி ஆறவிட நேரம் இருந்திருக்க முடியாது என்பது என் ஊகம். ஆழத்தால் வரவேண்டிய உறுதியை அடி அகலத்தால் பெற்றிருக்கவேண்டும். இதையே நெற்கட்டான்செவல், வாசுதேவநல்லூர் மண்கோட்டைகளுக்கும் நீட்டிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் கரிசல் சீமை மக்கள் அகலத்தை நம்பிக் கட்டத் தெரிந்தவர்கள் என்பதற்கு ஒரு கோட்டை போதும்.

இனி, லேசில் தள்ளிவிட முடியாத மறுப்பு ஒன்று. தோண்டாமல் கட்டியது அறிவினால் அல்ல, வறுமையினால். அதற்கு மரபு என்று பூசி மெழுகலாமா? ஊத்துமலை, சிவகிரி போன்ற ஜமீன்களின் நிலத்தில் குடிசை போட்டவருக்குத் தரை சொந்தமில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்த பிறகும், மனைப்பட்டா இல்லாத ஏழைகள், பெரும்பாலும் தலித் மக்கள், எந்நேரமும் கிளப்பிவிடப்படலாம் என்ற அச்சத்தில்தான் குடியிருந்தார்கள். நாளைக்குப் போகச் சொன்னால் போகவேண்டிய இடத்தில் யார் வானம் தோண்டுவார்? அவர்களுக்கு அடித்தளம் இல்லாதது உரிமை இல்லாததன் அடையாளம். 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தபோது மக்கள் அதை விரும்பி ஏற்றதற்கு இது பெரிய காரணம். இந்த மறுப்பை நான் அப்படியே ஏற்கிறேன். படுத்துறங்கும் வீட்டுக்கு, மழைக்கும் நெருப்புக்கும் பாம்புக்கும் காப்பான சுவருக்கு, கரிசலில் முழு ஆழ அடித்தளம் வேண்டும். அதில் யாருக்கும் குறை வைக்கக் கூடாது. ஆனால் குடிசையின் வானமின்மையும் குலுக்கையின் வானமின்மையும் ஒன்றல்ல. நிலமும் வீடும் வசதியும் உள்ள சம்சாரியும் தன் குலுக்கையைக் கல்மேல்தான் வைத்தார், தூணை அடிக்கல் மேல்தான் நிறுத்தினார். தோண்ட முடியாமல் விட்டதையும் தோண்டத் தேவையில்லாமல் விட்டதையும் ஒன்றாக்கினால், வறுமையை ஒழிக்கிறோம் என்று ஒரு கைவேலை அறிவையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுவோம்.

அந்த அறிவு இன்றைக்கு எப்படி உருவெடுக்கும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். பத்தடிக்குப் பத்தடி மேடை. மரம் 600 கிலோ, மேலே பத்துப் பேர் 700 கிலோ என்று வைத்தால் மொத்தம் 1,300 கிலோ. வரிசைக்கு மூன்றாக ஒன்பது கல், ஒவ்வொன்றும் ஒரு சதுர அடி என்றால் சராசரி ஒரு கல்லுக்கு 145 கிலோவுக்குள். இரண்டு கால் பாதத்தில் நிற்கும் ஒரு மனிதர் மண்ணின் மேல் தரும் அழுத்தமும் ஏறக்குறைய இதே அளவுதான். நடுக் கல்லுக்குப் பங்கு இரண்டு மடங்குக்கு மேல் வரும். அங்கே மட்டும் அகலமான கல் போடவேண்டும். மேல்மண்ணை, புல் வேரும் தழையும் போகும் அளவுக்கு நாலு விரற்கடை சுரண்டி எடுத்து, கரிசலானால் கிராவல் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து, அதன் மேல் கல். டியூப் லெவல் வைத்து ஒன்பது கல்லும் ஒரே மட்டமா என்று பார்த்து, மேலே சட்டம், சட்டத்தின் மேல் வைரம் பாய்ந்த பனையோ வேம்போ. கல்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய ஆப்புகள். கரிசல் இதையும் தூக்கும், இறக்கும், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் கார்த்திகை மழை விட்டபின் ஒரு தடவையும், சித்திரை வெடிப்பில் ஒரு தடவையும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த மூலையில் ஓர் ஆப்பைத் தட்டிவிட்டால் மேடை சரியாகிவிடும். விரிசல் விட்ட சிமெண்டுத் தளத்தை அப்படித் தட்டிச் சரிசெய்ய வழியில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை பார்ப்பது தொல்லை என்பவர்கள் உண்டு. கூரைக்கு ஓலை மாற்றுவதும் சுண்ணாம்பு அடிப்பதும் சுடலைமாடன் பீடத்தைக் கொடைக்கு முன் பூசி எடுப்பதும் இந்த ஊரில் ஆண்டுக் காரியமாகவே நடந்து வந்தவை. மேடைக்கு ஓர் ஆப்பு அந்த வரிசையில் சேரக்கூடியதுதான்.

இதற்கு எல்லைகளும் உண்டு, அவற்றை மீறினால் வாதம் முழுக்க உடைந்துவிடும். மேடைமேல் பந்தல் போடுவதாக இருந்தால் பந்தல் கால்கள் தனியாக மண்ணில் ஊன்றப்படவேண்டும். மேடைச் சட்டத்தில் கட்டக் கூடாது, ஆடிக் காற்று இரண்டையும் சேர்த்துப் பெயர்க்கும். உயரம் இரண்டடிக்கு மேல் போனால் கல்லை நம்பக் கூடாது. வீட்டுச் சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி கட்டாயம். கூரையிலிருந்து விழும் மழைத்தண்ணீர் கல்லடியில் தேங்காமல் வாய்க்கால் வெட்டிவிடவேண்டும்; ஒரு பக்கம் மட்டும் நனையும் கரிசல்தான் அதிகம் கோணும். விசைத்தறி போல அதிரும் எந்த இயந்திரத்துக்கும் இந்த மேடை உதவாது. இடம் இருக்கிறதே என்று ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி வைப்பதும் ஆகாது: ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன், அந்த ஒரு டன்னும் இரவும் பகலும் ஒரே மூலையில் நிற்கும். அதற்குத் தனியாகத் தோண்டியே கட்டவேண்டும்.